பேராயர் ஆண்ட நாட்டைத் தட்டச்சு செய்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சரித்திரம் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ராஜாக்களின் பெயரைப் பாடமாக்கி ஒப்புவித்த நாளிலிருந்தே அந்தச் சாமான் எனக்கு ஆகாது. ஆனால் ஸால்ஸ்பேர்க் என்ற ஊரைப் பேராயர்கள் அரசாண்ட சரித்திரம் மட்டும் இன்றைக்கும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. என்னுடைய பத்து விரலாலும் நானே அடித்த சரித்திரம் அது. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில், பிரன்ஸ்விக் பக்கம் ஒரு ஃபிளாட்டின் குசினி மேசையில் வைத்து அடித்தேன். நினைத்தால் இப்பவும் ஓங்காளிக்க வருகிறது.

நாங்கள் அங்கே போய் அப்போது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். என் கணவருக்குக் கட்டட அலுவலகம் ஒன்றில் படம் வரைகிற வேலை. நான் கொழும்பில் தட்டச்சுக்காரியாக இருந்தவள். எங்களுக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை, நாங்கள் புறப்பட்டபோது இரண்டரை வயது. பிள்ளை எங்களோடு இல்லை. யாழ்ப்பாணத்தில் என் மச்சாளிடம், அதாவது கணவரின் தமக்கையிடம், விட்டுவிட்டு வந்திருந்தோம். மச்சாள் ஒரு ரீச்சர். புருஷன் காலமாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை.

"ஆறு மாசம், கூடிப்போனால் ஏழு," என்று என் கணவர் சொல்லியிருந்தார். "ஒரு வீடு பிடிச்சு, வேலை நிரந்தரமாகினாப் பிறகு எடுப்பம். இப்ப அந்தக் குளிருக்க பிள்ளையைக் கொண்டுபோய் என்ன செய்யிறது?" அப்போது வெளிநாடு போன பலரும் இப்படித்தான் செய்தார்கள், ஆகவே நானும் தலையாட்டினேன். யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் மச்சாளின் இடுப்பில் இருந்தபடி பிள்ளை கை காட்டியது. அழவில்லை. அழுதிருந்தால் நான் ரயிலில் ஏறியிருக்க மாட்டேன்.

ஏழு மாதம் போய், எட்டும் போனது. பிள்ளைக்கு விசாவும் வந்துவிட்டது. வீட்டில் தனிக்கட்டில் ஒன்று வாங்கி, கம்பளிப் போர்வை விரித்து வைத்திருந்தேன். ஆனால் பிள்ளை வருகிற வழியைக் காணோம். நான் கேட்கக் கேட்க அவர் ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து தமக்கையின் ஏரோகிராமை, மடித்து ஒட்டுகிற அந்த நீல விமானத் தபாலை, எடுத்தார்.

"இஞ்சேரும், அக்கா பிள்ளையை விடமாட்டன் எண்டு நிக்கிறா."

"என்ன கதை இது? ஏனாம்?"

"ஒரு வீட்டில ரெண்டு வேதம் இருந்தால் பிள்ளை எதைப் பிடிக்கும் எண்டு கேக்கிறா. நீரும் எங்கட வேதத்துக்கு மாறினால்தான் அனுப்புவாவாம்."

இதை இங்கே கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். அவர் கத்தோலிக்கர். நான் புரட்டஸ்தாந்துக்காரி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டு பேரும் வேதக்காரர்தானே என்பார்கள். எங்கள் ஊரில் அப்படியில்லை. எங்கள் கலியாணத்துக்கு முன் அவருடைய கோயில் சுவாமி, அதாவது பாதிரியார், ஒரு தாளை நீட்டினார், பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் கத்தோலிக்கராகத்தான் வளரும் என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தேன். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் அவருடைய கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தோம். என் அப்பா வரவில்லை, ஆனாலும் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இதற்கு மேலே இப்போது என்னையும் மாறு என்றால் எப்படி இருக்கும்! மச்சாள் மீது எனக்கு அப்படிப் பத்திக்கொண்டு வந்தது. பிள்ளையில்லாதவள் என் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை பேசுகிறாளே என்று குசினிக்குள் நின்று திட்டித் தீர்த்தேன்.

அந்தக் கடிதத்தை நான் வாங்கிப் பார்க்கவில்லை. இதை இன்றைக்குச் சொன்னால் என் மகளே நம்பமாட்டாள். தமக்கையின் கடிதங்கள் அவருடைய அலுவலக விலாசத்துக்குத்தான் வரும், ஃபிளாட்டில் தபால்பெட்டி சரியில்லை என்று அவர் ஒரு காரணம் சொல்லியிருந்தார். அவர் வாசிப்பார், நான் கேட்பேன். பதில் போடுவதும் அவர்தான். நீலத் தாளை நிரப்பி மடித்து, மேல்மடிப்பில் கொஞ்சம் மிச்சம் விட்டு என்னிடம் தருவார், நான் விரித்துப் பார்க்காமல் அதில் 'நாங்கள் சுகம். பிள்ளைக்கு முத்தம்' என்று இரண்டு வரி கிறுக்குவேன். புருஷன் வீட்டாருக்குப் பெண்சாதி தனியாகக் கடிதம் எழுதினால், ஏதோ கோள்மூட்டுகிறாள் என்றுதான் எங்கள் ஆட்கள் எடுப்பார்கள். எனக்கும் அது தவறாகவே தெரியவில்லை.

இந்தச் சீரில்தான் அவர் எனக்கு ஒரு வேலை கொண்டுவந்தார். "நீர் வீட்டில குந்தியிருந்து யோசிச்சு யோசிச்சு வருத்தக்காரியாகப் போறீர். எங்கட கோயில்ல ஒரு வயசுபோன பாதர் இருக்கிறார். ஜெர்மன்காரர். இங்கிலீஷில புத்தகம் எழுதுறார், அடிக்க ஆள் தேடுறார்." நான் மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் அந்தச் சின்னக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க வீட்டில் இருப்பது பெரிய வதையாக இருந்தது. அடுத்த புதன்கிழமை டிராம் பிடித்துப் போனேன்.

பாதர் நெட்டையான மனிதர், மூக்கு நுனி எப்போதும் சிவந்திருக்கும். யுத்தம் முடிந்த கையோடு அவுஸ்திரேலியாவுக்கு வந்தவராம். ஸால்ஸ்பேர்க் அவருடைய தாயின் ஊர். இப்போது அது ஒஸ்திரியா. அந்தக் காலத்தில் ஜெர்மன் தேசங்களுக்குள் தனி நாடாகக் கிடந்ததாம். அங்கே பேராயரே கோயிலுக்கும் தலைவர், நாட்டுக்கும் ராஜா. பூசையும் அவர்தான் வைப்பார், தூக்குத் தண்டனையும் அவர்தான் கொடுப்பார். மலைக்குள் உப்பு வெட்டினார்கள், அந்த உப்புக் காசிலே கட்டினதுதான் மாளிகையும் கோட்டையும் எல்லாம். அந்தப் பெருமையை எழுதி வைத்துவிட்டுத்தான் சாவேன் என்று பாதர் நின்றார். ஒரு கட்டுத் தாளை என் கையில் தந்தார்.

அந்தத் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதர் வெள்ளைத் தாளில் எழுதவே மாட்டார். யுத்தகாலத்துச் சிக்கனம். தனக்கு வருகிற கடிதங்கள், பங்குக் கூட்ட அறிவித்தல்கள், உறைகளைக் கிழித்து விரித்த துண்டுகள், இவற்றின் பின்பக்கத்தில்தான் முழுப் புத்தகத்தையும் எழுதியிருந்தார். நான் கொழும்பில் படித்த தட்டச்சுப் பள்ளிக்கூடத்தில் எங்கள் ரீச்சர் அடித்து அடித்துச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. தட்டச்சுக்காரி வாசிக்கக் கூடாது. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், மனம் வேறெங்கோ இருக்க வேண்டும். தாளின் மறுபக்கம் உனக்குரியதில்லை, திருப்பாதே. நான் முதலாம் பிரிவில் சித்தியடைந்தவள். திருப்பவே மாட்டேன்.

வாசிக்காமல் இருப்பதுதான் முடியாமல் போனது. மூன்றாம் அதிகாரத்தில் ஒரு பேராயர் வந்தார். அவருக்கு ஒரு பெண், அந்தப் பெண்ணுக்கு ஊருக்கு வெளியே ஒரு மாளிகை, அந்த மாளிகையில் பதினைந்து பிள்ளைகள்! பேராயர் கலியாணம் முடிக்கக்கூடாது, ஆகவே பெண்சாதி என்று எழுத முடியாது. எங்கள் பாதர் இதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமோ? 'வீட்டு ஏற்பாடு.' அடித்துவிட்டு நான் கையை எடுத்துக்கொண்டேன். பதினைந்து பிள்ளையை ஏற்பாடு என்று எழுதுகிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு அடுத்த பேராயர் வந்தார். அவர் முந்தினவரின் சொந்தக்காரர்தான், ஆனால் முந்தினவரைக் கோட்டைக்குள் சாகும்வரை அடைத்து வைத்தார். வைத்துவிட்டுத் தனக்கொரு உல்லாசத் தோட்டம் கட்டினார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு கல்மேசை. சுற்றிவரக் கல்லிருக்கைகள். விருந்தாளிகள் தின்று குடித்துக்கொண்டிருக்கையில் பேராயர் கண்ணைக் காட்டுவார், இருக்கைகளுக்கு உள்ளேயிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கும். ராஜா எழும்பாமல் மற்றவர்கள் எழும்பக்கூடாதாம். ஆகவே அத்தனை பேரும் பின்பக்கம் நனைய நனைய, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு அப்படியே இருப்பார்கள். பேராயரின் இருக்கை மட்டும் காய்ந்திருக்கும். சீ! அடித்த தாளைக் கொடுக்கப் போனபோது பாதர் இந்த இடத்தை எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டிச் சிரித்தார். "எவ்வளவு விளையாட்டுக் குணம் பாருங்கள்!" என்றார். நானும் சிரித்தேன். சிரித்ததை நினைத்து டிராமில் வரும் வழியெல்லாம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமைதோறும் பாதர் எனக்குத் தேநீர் தருவார், ஒரு பிஸ்கட்டும். மெதுவாகப் பிள்ளையைப் பற்றி விசாரிப்பார். பெயர் என்ன, என்ன வயது, பாட்டுப் பாடுமா என்பார். கேட்டுவிட்டு, "தாயும் பிள்ளையும் ஒரே பீடத்தில் முழங்காலில் நிற்பது எவ்வளவு அழகான காட்சி," என்பார். சனிக்கிழமை பிற்பகல்களில் தான் ஓய்வாக இருப்பதாகவும், ஞானோபதேசம் படிக்க விரும்பினால் வரலாம் என்றும் சொல்வார். வற்புறுத்தல் ஒன்றுமில்லை. குரலை உயர்த்தவும் மாட்டார். நான் படித்து மாறிவிட்டால், யாழ்ப்பாணத்துச் சுவாமிக்குத் தானே எழுதி மச்சாளின் மனதை இளக வைப்பேன் என்றார். பிள்ளைக்காக எதையும் செய்யலாம் போல எனக்கு இருந்தது. இரண்டு சனிக்கிழமை போனேன். மூன்றாவது சனிக்கிழமைக்கு முன்தான் அந்த அதிகாரம் என் கைக்கு வந்தது.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசி. பேராயரின் நாட்டில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஏழைக் குடியானவர்கள். மேலுக்குக் கோயிலுக்குப் போவார்கள், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு புரட்டஸ்தாந்துப் புத்தகங்களை வாசிப்பார்கள். ஒளித்து வைத்த புத்தகங்கள் அகப்பட்டுவிட்டன. பேராயர் அவர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார், அதுவும் குளிர்காலத்தில். இவ்வளவும் எனக்குப் புதிதில்லை, ராஜா என்றால் துரத்துவான்தானே என்று அடித்துக்கொண்டு போனேன். அடுத்த வரியில் விரல் நின்றது. போகிறவர்கள் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் இங்கேயே இருந்து சரியான வேதத்தில் வளர வேண்டும். பெற்றோருக்குப் பிள்ளை வேண்டுமென்றால் வேதத்துக்குத் திரும்பலாம்.

அதன் கீழே பாதர் எழுதியிருந்தார்: பிள்ளைகள் நல்ல குடும்பங்களில் ஒப்படைக்கப்பட்டு நன்றாகப் பராமரிக்கப்பட்டார்கள்.

பிறகு நாலு பக்கம் இருந்தது. அந்தப் பெற்றோர் எல்லைக்கு அப்பால் நின்று விண்ணப்பம் எழுதிய கதை. மாடு மேய்த்தவர்களும் தலையில் சுமந்து சாமான் விற்றவர்களும், எழுதத் தெரிந்த யாரையாவது பிடித்து, எங்கள் பிள்ளையைத் தா என்று எழுதினார்கள். பதில் வராவிட்டால் திரும்ப எழுதினார்கள். வேறு நாட்டு ராஜாக்களின் காலில் விழுந்து அவர்களைக் கொண்டும் எழுதுவித்தார்கள். வருஷக்கணக்காக எழுதினார்கள். பாதர் இதையெல்லாம் தேடி எடுத்து, நேர்மையாகத்தான் எழுதி வைத்திருந்தார். எழுதினாப் பிறகு அந்த நாலு பக்கத்துக்கும் குறுக்காக நீலப் பென்சிலால் ஒரு பெரிய கோடு போட்டிருந்தார். ஓரத்தில் 'அடிக்க வேண்டாம். ஓட்டத்தைக் கெடுக்கிறது' என்று குறிப்பு.

தெரியாமல் விட்டவனை மன்னிக்கலாம். தேடிப் பிடித்து, வாசித்து, இவ்வளவையும் எழுதிவிட்டு, ஓட்டத்தைக் கெடுக்குதாம்! என்ன கண்டறியாத ஓட்டம்? நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பியபோது தாள்கள் நிலத்தில் கொட்டுப்பட்டன. குனிந்து பொறுக்கினேன். நன்றாகப் பராமரிக்கப்பட்டார்கள் என்ற தாள் மறுபக்கம் தெரியக் கவிழ்ந்து கிடந்தது. மறுபக்கத்துக் கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. படம் வரைகிறவர்களின் நேரான, சின்ன எழுத்து.

என் கணவர் பாதருக்கு இங்கிலீஷில் எழுதிய கடிதம் அது. நான்கு மாதத்துக்கு முந்தியது. குசினி நிலத்தில் இருந்தபடியே வாசித்தேன். என் மனைவிக்கு உங்களிடம் தட்டச்சு வேலை தந்தால் உங்களோடு பழக வாய்ப்பு வரும் என்று எழுதியிருந்தார். அவள் மனம் மாறும்வரை பிள்ளையை என் தமக்கையிடமே வைத்திருக்கத் தீர்மானித்திருக்கிறேன் என்றும், இது என் தீர்மானம் என்று அவளுக்குத் தெரியாது, தமக்கைக்கும் முழு விஷயம் தெரியாது, தயவுசெய்து நீங்களும் சொல்ல வேண்டாம் என்றும் இருந்தது. பாதர் அதை வாசித்துவிட்டு, பேசாமல் மறுபக்கத்தில் சரித்திரம் எழுதியிருக்கிறார். பிறகு மறந்துபோய் அதை என் கையிலேயே தந்திருக்கிறார். அல்லது தட்டச்சுக்காரி தாளைத் திருப்பமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் அழவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், கழுவியும் அந்த அழுக்குப் போகாதது போலவே இருந்தது. ஒரு வருஷமாக ஒரே மேசையில் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அக்கா விடமாட்டன் எண்டு நிக்கிறா என்று அவர் கவலையோடு சொல்ல, ஐயோ பாவம், இவரும் என்ன செய்வார் என்று நான் தேற்றியிருக்கிறேன். என் தலையில் இப்படி மிளகாய் அரைக்க இந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

அவர் வேலையால் வந்ததும் தாளை நீட்டினேன். பார்த்தார். முகம் கறுத்தது. ஆனால் ஒரு நிமிஷம்தான்.

"நான் என்ன, பிள்ளையைக் கொண்டுபோய்க் கடல்லயே தள்ளினனான்? நல்ல இடத்தில, நல்ல வடிவா வளருது."

"பொய் சொன்னனீங்கள். அந்த மனுசியின்ர தலையில பழியைப் போட்டனீங்கள்."

"உம்மட நன்மைக்குத்தான். நான் உம்மை அடிச்சனானோ, பேசினனானோ? கொஞ்சம் பொறுத்திருக்க வைச்சன், அவ்வளவுதானே. ரெண்டு சனிக்கிழமை போனீர். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எல்லாம் சரிவந்திருக்கும்."

இதைச் சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். தேத்தண்ணி இருக்கோ என்று கேட்டார். கடவுளாணை, கேட்டார். அந்த நேரம் அவரைப் பார்க்க எனக்கு வந்தது கோபமில்லை. சோற்றுக்குள் மயிர் கண்டால் வருமே, அந்த அருவருப்பு. அந்த மனிதரோடு அதற்குப் பிறகும் இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன், அவர் சாகும்வரை. எப்படி நடத்தினாய் என்று கேட்காதீர்கள். பெண்கள் நடத்துகிற மாதிரித்தான் நடத்தினேன்.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனதும், பாதரின் அந்த நாலு பக்கத்தையும் மேசையில் வைத்தேன். நீலக் கோடு போட்ட பக்கங்களை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை அடித்தேன், மூன்று கார்பன் பிரதியோடு. எந்த இடத்தில் வரவேண்டுமோ அந்த இடத்திலேயே செருகினேன். அதற்குப் பிறகு வந்த பக்க இலக்கங்கள் எல்லாம் அதற்கேற்றபடியே போயின. அவற்றை எடுக்க வேண்டுமென்றால் மிச்சப் புத்தகம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். தட்டச்சுக்காரிக்குத் தெரிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

அந்த விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது பக்கமாக இருக்க வேண்டும். வாசிக்கத் தெரிந்தாலும், அந்தச் சனங்களில் பலருக்குச் சொந்தப் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அப்படியிருந்தும் தங்கள் பிள்ளைகளை வைத்திருந்தவனிடம், ராஜா என்றும் பாராமல், நேரே எழுதிக் கேட்டார்கள். நான் என்ன செய்தேன்? இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதத் தெரிந்தவள், நிமிஷத்துக்கு இத்தனை சொல் என்று சான்றிதழ் வாங்கினவள், என் பிள்ளையை வைத்திருந்த மனுசிக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. பதினாறு மாதத்தில் ஒரு தாள்கூட இல்லை. அவையின்ர வீட்டுக் கடிதம், அவர் எழுதுவார், எனக்கு என்ன என்று இருந்துவிட்டேன். அவர் பொய் சொன்னார், சரி. அந்தப் பொய் இவ்வளவு நாள் உயிரோடு இருக்க இடம் விட்டது நான்தான். என் மேலேயே எனக்கு வந்த வெறுப்பை என்ன சொல்லி விளங்கப்படுத்துவது!

மெஷினிலிருந்து தாளை உருவிவிட்டு, தெருமுனைத் தபாற்கந்தோருக்குப் போய் ஓர் ஏரோகிராம் வாங்கினேன். அங்கேயே நின்றபடி, கயிற்றில் கட்டிவிட்டிருந்த பேனையால் எழுதினேன். 'மச்சாளுக்கு. என் பிள்ளையை அனுப்பிவிடுங்கோ. நான் வேதம் மாறமாட்டேன். மாறாவிட்டால் தரமாட்டன் என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையென்றால் எனக்கு நேரே எழுதுங்கோ, நான் அங்கே வாறன்.' ஃபிளாட் விலாசத்தைப் பெரிதாக எழுதினேன். தாளில் பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் கிடந்தது. ஒட்டிப் போட்டேன்.

புதன்கிழமை பாதரிடம் போனேன். தேநீரைத் தொடவில்லை. அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தார், அந்த இடத்தில் கை நின்றது.

"இதை அடிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேனே, பிள்ளை."

"மறுபக்கத்தையும் வாசித்துவிட்டேன், பாதர்," என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல நோக்கத்தோடு செய்தது," என்றார். "உங்கள் கணவர் உங்களை நேசிக்கிறார்." இவ்வளவும் அதே மென்மையான குரலில். பேராயரின் காலத்திலும் இப்படித்தான் ஒருவர் மெதுவாகச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் புத்தகம் அச்சில் வந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை.

மூன்று வாரத்துக்குப் பிறகு மச்சாளின் பதில் ஃபிளாட்டுக்கு வந்தது. சரியில்லாத அந்தத் தபால்பெட்டியில்தான் சேதமில்லாமல் கிடந்தது. ரீச்சரின் குண்டு குண்டான எழுத்து. அவவுக்கு நானும் மச்சாள்தான்.

'அன்புள்ள மச்சாள், உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உமக்கு வேலை அதிகம், உடம்பும் சரியில்லை, பிள்ளையை வைத்துப் பார்க்க ஏலாது, அது கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்று நீர் சொன்னதாகத் தம்பி எழுதினான். நானும் ஓம் என்று விட்டுவிட்டேன். பெற்றவளுக்கு அப்படியும் மனம் வருமோ என்று உம்மில் எனக்குச் சரியான கோபம். ஒளிக்காமல் சொல்லுகிறேன், உம்மை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். நீர் ஒரு வரி கேட்டிருந்தால் அடுத்த பிளேனில் அனுப்பியிருப்பேன். சட்டைகள் தைத்துப் பெட்டி அடுக்கிவிட்டேன். ஆள் பார்த்து அனுப்புகிறேன்.'

கடிதத்தோடு படியிலேயே இருந்துவிட்டேன். மாதக்கணக்காக இரண்டு பெண்கள், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். நடுவில் அவர் எல்லாக் கடிதங்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பூசைக்குப் போய் வந்திருக்கிறார்.

சிட்னிக்கு வருகிற ஒரு டாக்குத்தரின் மனைவியோடு பிள்ளை வந்து சேர்ந்தது. அந்த அம்மா சிட்னியில் இறங்கி, விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லி, மெல்பேர்ன் விமானத்தில் ஏற்றிவிட்டிருந்தார். ரல்லமரீன் விமான நிலையத்தில் நானும் கணவரும் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். நான் ஒரு முழத் தூரம் தள்ளித்தான் நின்றேன். பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் போட்ட மஞ்சள் ஸ்வெட்டரோடு என் பிள்ளை நடந்து வந்தது. உயர்ந்திருந்தது. கன்னம் வற்றியிருந்தது. நான்கு வயதுக்கு அது பெரிய மனுசி மாதிரி நிதானமாக நடந்து வந்து, எனக்கு முன்னால் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் முழங்காலில் இருந்து கையை விரித்தேன். வரவில்லை.

"நீங்களோ என்னை வேண்டாமெண்டு சொன்ன அம்மா?" என்று கேட்டது.

குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஆளை மாறிப் பிடித்துவிடக்கூடாது என்று விசாரிக்கிற குரல். நான் என் கணவரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுவார், இல்லை, அது நான்தான் என்று ஒரு சொல் சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் குனிந்து பிள்ளையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கார் நிற்கிற பக்கம் நடக்கத் தொடங்கினார்.